துப்பாக்கிக் கடையில் உத்தேசம் கிடையாது

எட்டாம் நம்பர் பேருந்து இங்கே நிற்குமா என்று ஒருவர் கடை வாசலில் வந்து கேட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“நேத்து நின்னுச்சுங்க.”

“இன்னைக்கு நிக்குங்களா?”

“இன்னைக்கு நான் இன்னும் பாக்கலைங்க.”

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அந்தக் கடைக்கு நான் வருவது அது நான்காவது முறை. பேருந்துக்கே இந்தப் பதில் என்றால் என் வேலை எப்போது முடியும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கோவை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சந்தில் இருந்தது அந்தத் துப்பாக்கிக் கடை. வெளியிலிருந்து பார்த்தால் கடிகாரம் பழுது பார்க்கும் கடை என்றுதான் நினைக்கத் தோன்றும். உள்ளே கம்பிக் கதவுக்கு அப்பால் இருபது முப்பது துப்பாக்கிகள் சுவரோரம் நிற்கும். எல்லாவற்றின் விசை வளையங்களுக்குள்ளும் ஒரே சங்கிலி ஓடும். அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. கணவர் இறந்த பிறகு கடையின் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி அவரே நடத்தினார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கண்ணில் செருகிக்கொள்ளும் சிறு லென்ஸ் ஒன்று தொங்கும். அவர் பெயர் கடைப்பலகையில் இருந்தது. ஆனால் எங்கள் வட்டாரத்தில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கடைக்காரம்மா.

அப்பா இறந்தபோது விட்டுப்போன சொத்துகளில் ஒரு வேட்டைத் துப்பாக்கியும் இருந்தது. பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். பன்றி வரும், சில மாதங்களில் யானையும் வரும். அந்தக் காலத்தில் மலைமேல் தேயிலை எஸ்டேட் ஒன்றின் துரை ஊரைவிட்டுப் போகும்போது காவலுக்கு வைத்திருந்த இரண்டு துப்பாக்கிகளைத் தாத்தாவுக்கு விற்றுவிட்டுப் போனாராம். தாத்தா ஒன்றைப் பெரியப்பாவுக்கும் ஒன்றை அப்பாவுக்கும் கொடுத்தார். இரண்டும் ஒரே மாதிரி. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நான் இந்தக் கடையில் ஒப்படைத்தேன். வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாற்ற, கடைக்காரர் பார்த்து எழுதும் சான்று வேண்டும். அந்தப் படிவத்தில் ஐந்து கட்டங்கள்: வகை, துளை அளவு, எண், தயாரிப்பு நாடு, தயாரிப்பு ஆண்டு.

நான் இருபத்திரண்டு வருடம் செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்தவன். ஐந்து கட்டத்தை நிரப்ப ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன்.

அம்மா துப்பாக்கியைப் பச்சைத் துணிமேல் கிடத்தி, கட்டையிலிருந்து குழலைப் பிரித்து எடுத்தார். மரத்துக்குள் மறைந்திருந்த குழலின் அடிப்பக்கத்தில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துவிட்டு விரலால் துடைத்தார். இரும்பில் குத்தியிருந்த முத்திரைகள் வெள்ளையாக எழுந்து வந்தன. ஒரு கிரீடம், சில எழுத்துகள், பெருக்கல் குறி போல ஒரு அடையாளம்.

“இங்கிலாந்துங்க. சோதனை பண்ணிக் குத்துன முத்திரை இது. இந்தக் குறிக்குப் பக்கத்துல ஒரு எழுத்து இருக்குது பாருங்க, அதுதான் வருசம். ஏ-ன்னா ஒரு வருசம், பி-ன்னா அடுத்த வருசம்.”

“என்ன எழுத்துங்க?”

லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். “சி-யா இருக்கலாம். ஜி-யாவும் இருக்கலாம். தேஞ்சுபோச்சுங்க.”

“ரெண்டுக்கும் நாலு வருசந்தானுங்களே வித்தியாசம். ஏதாச்சும் ஒண்ணு எழுதுங்கம்மா.”

“எது எழுதட்டுங்க?”

“உத்தேசமா…”

“உத்தேசம்னு ஒரு கட்டம் போட்டு அனுப்பச் சொல்லுங்க, அதுல எழுதறேன்.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. ஆண்டுக் கட்டத்தில் ‘தெரியவில்லை, எழுத்து சி அல்லது ஜி’ என்று எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. உரிமப் பிரிவில் இருந்த அலுவலர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். “கட்டத்துல வருசம் இல்லைன்னா மேல போகாதுங்க சார். சுமாரா ஒரு வருசம் போட்டுட்டு வாங்க. யாரு இங்கிலாந்துக்குப் போய்ப் பாக்கப் போறா?” நான் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். “அவரே போட்டுக்கச் சொல்லுங்க தம்பி, அவரு பேனாவும் எழுதும்” என்றார்.

என் தொழில் வேறு மாதிரியானது. நள்ளிரவுக்குள் பக்கம் முடிய வேண்டும். ‘சுமார்’, ‘எனத் தெரிகிறது’, ‘எனக் கூறப்படுகிறது’ என்ற மூன்றும் இல்லாமல் எந்தப் பதிப்பும் அச்சுக்குப் போனதில்லை. அவற்றைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதனால்தான் அந்த அம்மாவின் ‘தெரியவில்லை’ எனக்கு நேர்மையாகப் படவில்லை, வேலை செய்ய மனமில்லாதவர் சொல்லும் சாக்காகப் பட்டது.

இன்னொரு நாள் நான் காத்திருந்தபோது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். தோல் உறையிலிருந்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மகன் கல்யாணத்துக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறாராம். லண்டனில் செய்தது என்று ஒரு கடிதம் வேண்டுமாம். அம்மா பிரித்தார், பொடி தேய்த்தார், பார்த்தார்.

“பெல்ஜியமுங்க.”

“ஏனுங்க, குழல்மேல லண்டன்னு எழுதியிருக்குதே, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா?”

“எழுதியிருக்குதுங்க. அது மேல. முத்திரை அடியில இருக்குது. அது பெல்ஜியத்துது.”

“எங்க பாட்டன் லண்டன்லேர்ந்து கப்பல்ல வரவழைச்சதுங்க இது.”

“கப்பல் அங்கிருந்து வந்திருக்கலாமுங்க. கப்பல நான் பாக்கலை.”

அவர் கோபத்தில் எழுந்து போனபோது தோல் உறையை மறந்துவிட்டார். அம்மா அதை எடுத்துக்கொண்டு சந்து முனைவரை ஓடிக் காரில் கொடுத்துவிட்டு வந்தார். மூச்சிரைக்க உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். “நல்ல துப்பாக்கிங்க. பெல்ஜியம்னா என்ன கேவலமா?” என்றார். அன்று மட்டும் எனக்கு அவர்மேல் சின்னதாக ஒரு பிரியம் வந்தது. அடுத்த நிமிடமே அதைக் கெடுத்துவிட்டார்.

“உங்க துப்பாக்கில இன்னொண்ணும் இருக்குது தம்பி. இது ரெண்டு துப்பாக்கிங்க.”

குழலின் பக்கவாட்டில் இருந்த எண்ணைக் காட்டினார். 67 என்று முடிந்தது. பிறகு போல்ட்டை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்புறத்தை அடைக்கும் இரும்பு உருளை அது. அதன் கைப்பிடி அடியில் இருந்த எண் 18 என்று முடிந்தது.

“குழல்ல என்ன நம்பரோ அதேதான் போல்ட்லயும் இருக்கோணும். ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தி அரைச்சுத்தான் அனுப்புவாங்க. இது வேற துப்பாக்கியோட போல்ட்டுங்க. அதுதான் மூடறப்ப இறுகுது.”

மூடும்போது கடைசி அரை விரற்கடை இறுகும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏன் என்பதும் தெரியும் என்று நினைத்திருந்தேன். பெரியப்பா பொறாமையில் அரம் போட்டுக் கெடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அது சூரியன் கிழக்கே உதிப்பதைப் போன்ற உண்மை. முப்பது வருடம் அப்பா தன் அண்ணனோடு பேசவில்லை. பெரியப்பா இறந்தபோது அப்பா அந்த வீட்டுக்குப் போகவில்லை. மெயின் ரோட்டில் பேருந்து நிறுத்தத்தில் நின்று, அமரர் ஊர்தி கடந்துபோகும்வரை பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பி மோட்டார் போடப் போனார்.

உரிமப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். 18 என்றுதான் எழுதியிருந்தது. பழைய புத்தகத்தில் பக்கம் தீர்ந்துபோய்ப் பிற்காலத்தில் எழுதிக் கொடுத்த புத்தகம் அது. எழுதியவர் குழலைப் பார்க்காமல், கைப்பிடியை நிமிர்த்தியதும் தெரிந்த எண்ணை எழுதியிருக்கிறார்.

“அப்ப புத்தகத்துல இருக்கறதையே எழுதிக் கொடுங்கம்மா. பதினெட்டு. போல்ட்ல இருக்குதில்லீங்களா, பொய்யில்லையே.”

“ரெண்டு நம்பரையும் எழுதறேன்.”

“ரெண்டு எழுதுனா நிராகரிச்சிருவாங்க!”

“குழல் அறுபத்தேழுங்க. அத நான் பாத்துப்போட்டேன். பாத்தத எப்படிப் பாக்காத மாதிரி எழுதறது?”

நான் குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். அவர் டீ சொல்லி அனுப்பினார். டீயைக் குடிக்காமல் வந்தேன்.

நான் பயந்ததைவிட மோசமாக நடந்தது. உரிமங்களையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். அலுவலர் என் கோப்பைத் திறந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார். 18 என்று முடியும் அதே எண் ஏற்கெனவே இன்னொருவர் பெயரில் இருந்தது. சிங்காநல்லூர் முகவரி. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன்.

“ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு இருக்க முடியாதுங்க சார். அவங்க புத்தகம் ஆரம்பத்துலேர்ந்து பதினெட்டுதான். அப்படீன்னா உங்க அப்பா…” என்று நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன். தன் அண்ணனின் துப்பாக்கியை மாற்றி எடுத்து வைத்துக்கொண்டவர். இரண்டு தரப்புக்கும் அறிவிப்பு வரும், மூன்று மாதத்துக்குள் விளக்கம் தராவிட்டால் துப்பாக்கி அரசுக் கிடங்குக்குப் போகும், வழக்கும் வரலாம் என்றார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். என்னைப் பெற்ற அம்மா. அவருக்கு அந்தத் துப்பாக்கிமேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. துடைத்துத் துடைத்து வெறுத்துப்போனவர். “அந்தச் சனியன் போனாப் போகுது கண்ணு. ஆனா உங்கய்யன் திருடன்னு ஒரு காயிதத்துல எழுதிப்போட்டாங்கன்னா அது போகாது. அத மட்டும் பாத்துக்கோ” என்றார்.

சிங்காநல்லூரில் அண்ணன் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. ஆனால் மரியாதை குறையவில்லை. எங்கள் ஊரில் சண்டையிலும் ‘ங்க’ விட்டுப்போகாது.

“வாங்க. நோட்டீஸ் வந்துச்சுங்க. எங்கய்யன் சொன்னது சரியாத்தான் போச்சு.”

“என்னங்ணா சொன்னாரு?”

“உங்கய்யன்தான் துப்பாக்கிய என்னமோ பண்ணிப்போட்டாருன்னு. எங்களுது மூடுனா லொடலொடன்னு ஆடும். ஒருக்கா சுடறப்பப் பின்னால சீறி எங்கய்யன் வலது கன்னம் வெந்துபோச்சு. சாகற வரைக்கும் சவரம் பண்றப்பெல்லாம் அத தடவித் தடவிப் பாப்பாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியாது. பெரியப்பாவை வலப்பக்கமாக நான் பார்த்ததில்லை. எதிரே வந்தால் நாங்கள் சாலையைக் கடந்துவிடுவோம்.

“எங்கப்பாவும் அதையேதானுங்ணா சொன்னாரு. பெரியப்பாதான் அரம் போட்டாருன்னு.”

“சொல்லுவாருங்க” என்றார் அண்ணன். பட்டறைப் பையனைக் கூப்பிட்டு ஃபேனைப் போடச் சொன்னார். எனக்காக இல்லை, வார்னிஷ் காய்வதற்காக.

இதற்கிடையில் இரண்டு முறை கடைக்காரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். “பாத்துட்டிருக்கறனுங்க” என்றார். என்ன பார்க்கிறார் என்று சொல்லவில்லை. இழுத்தடிக்கிறார் என்று நினைத்து வேறு கடை விசாரித்தேன். சேலத்தில் ஒருவர் எந்த எண்ணும் எந்த ஆண்டும் எழுதிக் கொடுப்பார் என்றார்கள். அங்கே போகப் புறப்பட்ட அன்று காலை கடைக்காரம்மாவே அழைத்தார்.

“வாங்க தம்பி. ஒரு பக்கம் கிடைச்சுதுங்க.”

மேசைமேல் பழுப்பேறிய பதிவேடு ஒன்று திறந்திருந்தது. பின்னால் தரையில் அதே மாதிரி நாற்பது ஐம்பது பதிவேடுகள். பரணிலிருந்து அவரே இறக்கி மூன்று வாரமாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்திருக்கிறார். துப்பாக்கிக் கடையில் பழுதுக்கு வருவதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. எண் 67 என்று தெளிவாக இருந்தது. உரிமப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்ற குறிப்பும் இருந்தது. அப்பாவுடையது ஆரம்பத்திலிருந்து 67தான் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். அப்பா திருடரில்லை. பதிவேட்டின் மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். தேர்தல் முடிந்த மறு மாதம்.

எனக்குப் புரிந்துவிட்டது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் போல்ட்டைத் தனியே கழற்றித் துணியில் சுற்றி, பெயர் எழுதிய சீட்டைக் கட்டிச் சாக்கில் போட்டுவைப்பார்கள். தேர்தல் முடிந்து பெரியப்பாவும் அப்பாவும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்ப வாங்கி வந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சேர்ந்து போன கடைசிப் பயணம் அதுதான். “அங்கதான் மாறியிருக்கோணும்” என்றேன்.

“இருக்கலாமுங்க” என்றார் அம்மா. “அத நான் பாக்கலை.”

பிறகுதான் அந்தப் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தேன். அவர் கணவரின் கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து ஓடும் வேகமான கையெழுத்து. ‘போல்ட் இறுக்கம். யாரோ வேண்டுமென்றே அரம் போட்டதுபோல் தெரிகிறது. லேசாகத் தேய்த்துக் கொடுக்கப்பட்டது.’

அம்மா என்னைப் பார்க்கவில்லை. துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்ற ஊட்டுக்காரரு எழுதுனதுங்க. போல்ட் நம்பர அவரு பாக்கலைங்க. கைப்பிடிய நிமித்துனா தெரியும். பாக்கலை.”

அந்த வரியை அவர் கணவர் என் அப்பாவிடம் வாய்விட்டும் சொல்லியிருப்பார். அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். வழியில் ‘யாரோ’ உதிர்ந்து ‘அண்ணன்’ ஆகியிருக்கும். ‘போல் தெரிகிறது’ பெரியநாயக்கன்பாளையம் வருவதற்குள் காணாமல் போயிருக்கும்.

“ஏனுங்கம்மா, ஜெராக்ஸ் எடுக்கறப்ப கடைசி வரிமேல ஒரு வெள்ளைத் தாள வெச்சு எடுத்தரலாமுங்க. நம்பர் இருக்கற வரி மட்டும் போதும் நமக்கு. உங்க ஊட்டுக்காரரு பேரு எதுக்குத் தேவையில்லாம அங்க போகோணும்?”

உண்மையிலேயே அவருக்காகத்தான் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்தார். அந்த யோசனையை நான் பார்த்தேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

“பாதிய மறைச்சா அது வேற பக்கமுங்க” என்றார். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவரே நகல் கடைக்கு நடந்தார்.

காவல் நிலையத்தில் இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே பெஞ்சில் வைத்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் அம்மா லென்ஸோடு குனிந்து நான்கு எண்களையும் உரக்கப் படித்தார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அண்ணனுடையதன் குழலில் 18, போல்ட்டில் 67. அம்மா இரண்டு போல்ட்டுகளையும் உருவி இடம் மாற்றினார். எங்களுடையதை ஒற்றை விரலால் தள்ளினார். மூடியது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த அந்த இறுக்கம் இல்லை. அண்ணனுடையதையும் மூடினார். ஆடவில்லை.

அண்ணன் தன் துப்பாக்கியின் கைப்பிடியை மூன்று நான்கு முறை திறந்து திறந்து மூடிப் பார்த்தார். “இவ்வளவுதானுங்களா?” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நான் பாத்தது இவ்வளவுதானுங்க” என்றார் அம்மா.

வெளியே வந்ததும் அண்ணன் வண்டியை உதைத்தார். “பட்டறைப் பக்கம் வாங்க” என்பார் என்று எதிர்பார்த்தேன். “வாரனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரும் என்னிடம் ஏதாவது எதிர்பார்த்திருக்கலாம். நானும் சொல்லவில்லை.

என் பெயருக்கு உரிமம் வந்தது. எண் 67 என்று திருத்திக் கொடுத்தார்கள். ஆண்டுக் கட்டத்தில் கடைசிவரை அம்மா எழுதியதுதான்: தெரியவில்லை, எழுத்து சி அல்லது ஜி. காவல் நிலைய அறிக்கையும் கூடவே போனதால் இந்த முறை யாரும் அதைத் திருப்பவில்லை. துப்பாக்கியை எடுத்துவரக் கடைக்குப் போன அன்று, ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“ஏனுங்கம்மா, அன்னைக்கு உங்க ஊட்டுக்காரரு அந்த நம்பர மட்டும் பாத்திருந்தா, எங்கப்பாவும் பெரியப்பாவும் பேசிட்டு இருந்திருப்பாங்களா?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். எட்டாம் நம்பர் பேருந்து சந்து முனையில் வந்து நின்றது, போனது.

“தெரியாதுங்க தம்பி” என்றார். “அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணா நான் பாத்ததில்லைங்க.”

ஆமாம் என்றிருந்தால் அவர் கணவரை நொந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இல்லை என்றிருந்தால் அப்பாவை நொந்துகொண்டிருப்பேன். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சந்தில் நடக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை, அவர்மேல் கோபம்தான் வந்தது. அந்த ஒரு கேள்விக்காவது அவர் உத்தேசமாகச் சொல்லியிருக்கலாம்.